அடுப்பு மூட்டியது யார்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மாலை, பொன்னாடை, மகிழ்ச்சி எல்லாவற்றையும் முன்னே பேசியவர்கள் முடித்துவிட்டார்கள். எனக்கு நேரம் குறைவு. விஷயத்துக்கு வருகிறேன்.

மனித வாழ்வை நெருங்கிக் காட்டுவது காப்பியமா, நாவலா என்பது தலைப்பு. காப்பியத்தின் பக்கம் நிற்கிறேன். காப்பியம் என்றால் என்ன என்று தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் விதி எழுதி வைத்திருக்கிறது. வாழ்த்து, வணக்கம், வருபொருள் இவற்றில் ஒன்று முன்னே வர வேண்டும், அறம் பொருள் இன்பம் வீடு நான்கும் பயக்க வேண்டும், தலைவன் தன்னிகரில்லாதவனாக இருக்க வேண்டும். எதிரணித் தலைவர் இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டி, “இதில் நம்மைப் போன்ற ஆள் எங்கே இருக்கிறான்?” என்றார். இருக்கிறான் ஐயா. கோவலன் என்று பெயர். மனைவியின் நகைகளைத் தொலைத்த வணிகன் எந்தக் கணக்கில் தன்னிகரில்லாதவன்? அவனைப் போல இந்த அரங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், துணைவியாரும் வந்திருக்கிறார்கள்.

காப்பியம் பழையது, நாவல் புதியது என்றும் சொன்னார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வந்தது. உ.வே.சாமிநாதையர் ஓலை ஓலையாகத் தேடிச் சிலப்பதிகாரம் முழுவதையும் பதிப்பித்தது 1892-இல். அச்சகத்தைக் கேட்டால் நாவல்தான் அண்ணன், காப்பியம் தம்பி. இதை இத்துடன் விடுகிறேன், ஏனென்றால் எனக்குக் கோபம் வேறொன்றில்.

தலைவர் ஒரு கேள்வி கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள், நான் பார்த்தேன். “காப்பிய நாயகி நகரத்தை எரிப்பாள். ஒருநாளாவது அடுப்பை எரித்தாளா? சமையலறைக்குள் நுழைய நாவல் வர வேண்டியிருந்தது” என்றார்.

ஐயா, வாருங்கள், சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதைக்குள் போவோம். இடம் மதுரைக்குப் புறத்தே ஆயர்பாடி. வீடு மாதரி வீடு. கண்ணகி யார்? புகாரின் பெருவணிகன் மாநாய்கன் மகள். பிறந்த வீட்டில் எத்தனை ஏவலர் இருந்திருப்பார்கள்! அவள் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். என்னென்ன காய் என்று இளங்கோ எழுதியிருக்கிறார். பலாக்காய், வரியோடிய வெள்ளரிக்காய், மாதுளங்காய். கூடவே மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி. பாலும் மோரும் கேட்கவே வேண்டாம், இடையர் வீடு. இது சந்தைக்குப் போகிறவர் கையில் கொடுக்கும் சீட்டு அல்லாமல் வேறென்ன?

நறுக்குகிறாள். வளைந்த அரிவாளில் பழக்கமில்லாத கை. “மெல்விரல் சிவப்ப” என்கிறார். விரல் சிவந்தது. “திருமுகம் வியர்த்தது செங்கண் சேந்தன” என்கிறார். முகம் வியர்த்தது, கண் சிவந்தது. அந்தப் பட்டியலில் வெங்காயம்கூட இல்லை ஐயா, வெறும் புகையும் வெக்கையும். அந்த அடுக்களை எப்படி இருந்தது? “கரிபுற அட்டில்.” கரி பிடித்த அடுக்களை! காப்பிய நாயகியைக் கரி பிடித்த அடுக்களையில் உட்கார வைத்த புலவரைப் பார்த்தா அடுப்பு உண்டா என்று கேட்கிறீர்கள்?

நடுவர் மணியைத் தொடுகிறார். ஐயா, பொறுங்கள், இன்னும் இலை போடவில்லை.

சமைத்தாயிற்று. கோவலன் பனையோலைத் தடுக்கில் உட்கார்ந்திருக்கிறான். அவன் அடியைக் கழுவுகிறாள். தரையில் நீர் தெளிக்கிறாள். ஈனாத வாழையின் குருத்தை விரிக்கிறாள். சோறு போட்டு, “அமுதம் உண்க அடிகள் ஈங்கு” என்கிறாள். அவன் உண்கிறான். மாதரியும் அவள் மகள் ஐயையும், கண்ணன்தான் வந்து உண்கிறானோ என்று வாய் பிளந்து நிற்கிறார்கள். உண்டவன் என்ன சொன்னான்? சமையல் நன்றாக இருக்கிறது என்று சொன்னானா? தேடிப் பாருங்கள். இல்லை. வெற்றிலை வாங்கினான், நடந்து வந்த கல் வழியைப் பற்றிப் பேசினான். யதார்த்தம், யதார்த்தம் என்று நாவல்காரர்கள் சொல்கிறார்களே, இதைவிட யதார்த்தமாக ஒரு கணவனை எந்த நாவல் காட்டும்? தாய்மார்கள் சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

அவளும் விடவில்லை. விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்தேனே என்று தன் குறையைச் சொல்லிவிட்டு, “போற்றா ஒழுக்கம் புரிந்தீர்” என்றாள். போற்றத் தகாத வழியில் நடந்தீர் என்று பொருள். எத்தனை வருடக் கணக்கை மூன்று சொல்லில் தீர்த்தாள்! அதற்கு நாவலாசிரியர் நான்கு அத்தியாயம் கேட்பார். பிறகு ஒற்றைச் சிலம்பை வாங்கிக்கொண்டு அவன் போனான். அதுதான் கடைசிச் சாப்பாடு.

சரி, தலைவருக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். அடுப்பை மூட்டியது கண்ணகி இல்லை. “வையெரி மூட்டிய ஐயை.” வைக்கோலில் தீ மூட்டிக் கொடுத்தவள் ஐயை. அரை மதிப்பெண் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்டீர்களா?

அவள் தாய் மாதரி யார்? இயக்கி என்ற தெய்வத்துக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பிய ஒரு கிழவி. வழியில் சமணத் துறவி கவுந்தியடிகள் முன்பின் தெரியாத இருவரை அவள் கையில் ஒப்படைத்தார். அவ்வளவுதான் உறவு. கோவலன் வெட்டுண்டான், மதுரை எரிந்தது. அவளை யாரும் குற்றம் சொல்லவில்லை. பாண்டியன் பிழைக்கு அவள் என்ன செய்வாள்? “அடைக்கலம் இழந்தேன்” என்று சொல்லி நள்ளிரவில் அந்தக் கிழவி தீயில் விழுந்தாள்.

தாய் போனாள். மணமாகாத ஐயை தனியே நின்றாள். சேரன் வஞ்சியில் கண்ணகிக்குக் கல் நட்டபோது அந்தப் பெண்ணும் அங்கே வந்து நிற்கிறாள். கண்ணகியின் தோழி தேவந்தி அவளைக் காட்டி அழுகிறாள்: “மாமி மடமகளைக் கண்டாயோ தோழீ!” இமயத்தில் கல் எடுத்த வேந்தன் நிற்கும் இடத்தில், வைக்கோலில் தீ மூட்டிய இடைப்பெண்ணுக்காக ஒருத்தி அழ, அதைப் பாட்டில் வைத்தார் ஐயா, அரசு வேண்டாம் என்று துறவு பூண்ட இளங்கோ!

இந்த அவையில் எத்தனையோ அம்மாக்கள் இருக்கிறீர்கள். ஊர் தெரியாமல் வந்து நின்றவனுக்கு இலை போட்டவர்கள் நீங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை பொழுது சாய்ந்தும் வரவில்லை என்றால் தன் வீட்டு உலையை இறக்கிவிட்டு வாசலில் வந்து நிற்பவர்கள் நீங்கள். உங்களுக்கு மாதரியை நான் விளக்க வேண்டுமா?

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். தலைவர் எழுந்து நூறு நாவல்களின் பெயர்களைச் சொல்வார், சொல்லட்டும். அந்த ஐயைக்கு முன்னால் நின்று, உங்கள் காப்பியத்தில் அடுப்பு உண்டா என்று இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.