லயத்து இஸ்தோப்பில் ஒரு லத்தீன் பாடம்

வணக்கம். தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் உங்களுக்கும் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம் மூன்று நாளாக இதே கதைதான். எங்கள் வீடு லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில். உள்ளே காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தம்பி படிக்கிறான், அதனால் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசுகிறேன்.

சட்டம் படிக்கத் தொடங்கி நாலு மாதம். அம்மாயி நேற்றும் கேட்டார்: "கோட்டுல வழக்குப் பேசத்தானே புள்ள படிக்கப் போன, ரோமாபுரி கத எதுக்கு?" நியாயமான கேள்வி. 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், ரோமச் சட்டத்தையும் தங்கள் நாட்டு வழக்கத்தையும் கலந்த உரோமன் டச்சுச் சட்டத்தோடு வந்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் 1799இல் அது அப்படியே தொடரட்டும் என்று பிரகடனம் செய்தார்கள். ஒல்லாந்தரே அதைக் கைவிட்டுப் புதிய சட்டக்கோவைக்குப் போய்விட்டார்கள். நாமும் தென்னாபிரிக்கா போன்ற சில நாடுகளும்தான் இன்னும் விடவில்லை.

மலைநாட்டை ஒல்லாந்தர் ஆளவே இல்லையே என்பீர்கள். சரிதான், கண்டி 1815இல் நேராக ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆனால் கோப்பியும் தேயிலையும் ஏறிய மாதிரி அந்தச் சட்டமும் பிறகு மலையேறிவிட்டது. கண்டிச் சிங்களவருக்குக் கண்டிச் சட்டம் இருக்கிறது, யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை இருக்கிறது. தமிழர் என்றால் தேசவழமைதான் என்று முதல் மாதம் எழுதிக் கொடுத்து, பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு வாங்கினேன். அது வடக்குத் தமிழருக்கு உரியது. தோட்டத்துத் தமிழருக்குத் தனிச் சட்டம் எதுவும் கிடையாது, பொதுச் சட்டம்தான். அதாவது உரோமன் டச்சு.

லத்தீனைப் பார்த்து முதலில் பயந்தேன். ஆனால் தமிழ் மீடியத்தில் வேற்றுமை உருபு படித்தவர்களுக்கு அது அவ்வளவு அந்நியம் இல்லை. ரெஸ் என்றால் பொருள், ரெம் என்றால் பொருளை, ரெயி என்றால் பொருளின். நாம் சொல்லின் வாலை மாற்றுகிற மாதிரியே அவர்களும் மாற்றுகிறார்கள். காணி வழக்குகளில் அடிக்கடி வருகிற "ரெயி விண்டிகாசியோ" இப்போது பூச்சாண்டி இல்லை. சொந்தக்காரர் தன் பொருளை வைத்திருப்பவரிடமிருந்து மீட்கப் போடுகிற வழக்கு, அவ்வளவுதான்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு வரி. "நெக் வி, நெக் கிளாம், நெக் பிரெகாரியோ." வலுக்கட்டாயமாக இல்லாமல், ஒளித்து மறைத்து இல்லாமல், கேட்டு வாங்கின அனுமதியில் இல்லாமல். அடுத்தவர் காணியை இப்படி நீண்ட காலம் ஆண்டு அனுபவித்தால் அது உங்களுடையதாகலாம். கி.மு. 450 வாக்கில் ரோமாபுரியில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்தில் நிலத்துக்கு 2 வருடம் போதும். இங்கே 1871ஆம் ஆண்டின் பிரிஸ்கிரிப்ஷன் கட்டளைச் சட்டப்படி 10 வருடம். பிரிஸ்கிரிப்ஷன் என்றால் இங்கே மருந்துச் சீட்டு இல்லை, இப்படி நீண்ட காலம் ஆண்டு உரிமை பெறுவது.

பத்து வருடம் என்று கேட்டதும் வகுப்பிலேயே கணக்குப் போட்டேன். அம்மாயி பிறந்ததே இந்தக் காம்பராவில். எழுபது தாண்டிவிட்டது. ஏழு தடவை ஜெயித்துவிட்டோம் என்று கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கூட வைத்தேன்.

அப்புறம்தான் அந்த மூன்றாவது சொல். பிரெகாரியோ. வேர்ச்சொல்லுக்குப் பொருள் இரந்து கேட்பது. ரோமாபுரியில் ஒருவர் கெஞ்சிக் கேட்டதால் நிலத்தில் இருக்கவிட்டால் அது பிரெகாரியம். கொடுத்தவர் எப்போது கேட்டாலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அனுமதியோடு உள்ளே வந்தவருக்கு வருடம் கூடினாலும் அது அனுமதியாகவே இருக்கும். செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பேர்ப் பதிவேட்டில், பேர் இருந்தால் காம்பரா. எங்களுக்கு அதுதான் அந்த அனுமதி. கொப்பி ஓரத்தில் எழுதினதை அடித்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான தோட்டக் காணி அரசாங்கத்துடையது, கம்பெனிகள் 1992இலிருந்து குத்தகைக்காரர் மட்டும்தான். அரசாங்கக் காணிக்கு இந்தப் பத்து வருடக் கணக்கே ஓடாது. ஆக, கதவுக்கு இரண்டு பூட்டு.

இதையெல்லாம் நேற்று ராத்திரி அம்மாயிக்குத் தமிழில் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது சொல் வந்ததும் கை நின்றது.

"கேட்டு வாங்கினதா? எங்கப்பன் யாருகிட்டயும் கேக்கலயே. கங்காணி கையக் காட்டி இதுல இருங்கன்னாரு, இருந்தோம்."

கேட்காமலே கொடுத்தது பிரெகாரியமா? சிரிக்காதீர்கள், பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாயி சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வகுப்பில் கேட்கப் போகிறேன். லெக்சரர் என்ன சொல்கிறார் என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன். மழை விட்டுவிட்டது, காயப்போட்ட விறகைப் பார்க்க வேண்டும்.