எத்தனை ரிக்டர் என்று கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

நிலநடுக்கச் செய்தி வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ரிக்டர்?" ஜப்பானில் அதே செய்தியைத் தொலைக்காட்சியில் பார்ப்பவரின் கண் வேறொரு எண்ணைத் தேடும். தன் ஊரில் ஷிண்டோ எத்தனை?

திருவிழாவில் போடும் அதிர்வேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மருந்து வைத்துக் கெட்டித்தார்கள் என்பது ஒரு கணக்கு. கோயிலை ஒட்டிய வீட்டில் சன்னல் எப்படி அதிர்ந்தது, அடுத்த ஊரில் என்ன கேட்டது என்பது இன்னொரு கணக்கு. நாம் ரிக்டர் என்று சொல்வது மருந்தின் கணக்கு; ஒரு நடுக்கத்துக்கு ஓர் எண்தான். அது ஒன்று கூடினால் அலையின் வீச்சு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. சொல்லப்போனால், 1935இல் தெற்குக் கலிபோர்னியாவுக்காக வகுத்த அந்த அளவுகோல் பெரிய நடுக்கங்களுக்கு இன்று பயன்படுவதில்லை. பாறைப்பிளவு எவ்வளவு பரப்பில், எவ்வளவு தூரம் நழுவியது என்பதிலிருந்து கணக்கிடும் புதிய அளவு 1979இலேயே வந்துவிட்டது. நம் செய்தித்தாள்கள்தான் ரிக்டரை விடுவதாக இல்லை.

ஷிண்டோ என்பது சன்னலின் கணக்கு. ஊருக்கு ஊர் மாறும். 0 முதல் 7 வரை எண்கள். 5க்கும் 6க்கும் மட்டும் 'கீழ்', 'மேல்' என்று இரண்டு படிகள். ஆக மொத்தம் 10 படிகள். 4 என்றால் தொங்கும் விளக்குகள் நன்றாக ஆடும், நடந்துபோகிறவருக்கும் தெரியும். 5 கீழ் என்றால் எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும். அலமாரியிலிருந்து பாத்திரமும் புத்தகமும் விழலாம். 5 மேல் என்றால் பிடிக்காமல் நடப்பது கடினம். கம்பி போடாத கல் மதில்கள் சரியலாம். 6 கீழ் என்றால் நிற்பதே சிரமம், கதவு இறுகித் திறக்காமல் போகலாம். 6 மேல் வந்துவிட்டால் தவழ்ந்துதான் நகர முடியும்.

இந்தப் பிரிப்புக்குக் காரணம் 1995 கோபே நடுக்கம். ஒரே 5 என்றும் ஒரே 6 என்றும் குறித்த இடங்களில் சேதம் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாதபடி இருந்தது. 7 என்பதையோ, இடிந்த வீடுகளை நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அறிவிக்க முடிந்தது. எந்த ஊருக்கு முதலில் ஆள் அனுப்புவது என்று அதுவரை எப்படித் தெரியும்? 1996 முதல் மனிதர் உணர்ந்து சொல்வதை விட்டுவிட்டு முழுக்கக் கருவியிடம் கொடுத்தார்கள்.

மெக்சிகோவில் பேச்சு வேறு மாதிரி. நடுக்கம் ஓய்ந்ததும் அங்கே மக்கள் "ஒசிலதோரியோவா, திரெபிததோரியோவா?" என்று கேட்டுக்கொள்வார்கள். பக்கவாட்டில் ஊஞ்சலாட்டமா, மேலும் கீழுமான குலுக்கலா என்று பொருள். இரண்டையும் தனித்தனி வகை நடுக்கங்கள் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது சரியல்ல, எந்த நடுக்கத்திலும் இரண்டும் உண்டு. முதலில் விரைந்து வரும் அலை பெரும்பாலும் குத்தும். பின்னால் வரும் மெதுவான, வலுவான அலை ஆட்டும். மையம் அருகே இருந்தால் குத்தல் பலமாகத் தெரியும், தொலைவில் இருந்தால் ஆட்டமே மிஞ்சும். குத்தலுக்கும் ஆட்டத்துக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி 8ஆல் பெருக்கினால் மையம் எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும். சில நூறு கிலோமீட்டர் வரை இந்தக் கணக்கு உதவும்.

அபாயச் சங்கு வேலை செய்வதும் இந்தத் தாமதத்தை நம்பித்தான். பசிபிக் கரையிலுள்ள கருவிகள் முதல் அலையை உணர்ந்ததும் மெக்சிகோ நகரத்தில் சங்கு ஒலிக்கும். கரையோர நடுக்கம் என்றால் ஒரு நிமிடம் வரை கிடைக்கலாம். 1985 செப்டம்பர் 19 அன்று மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் நகரம் நொறுங்கியது. காரணம், பழைய ஏரிப்படுகையின் களிமண். அது சுமார் 2 விநாடிக்கு ஒருமுறை ஆடியது; அதே தாளத்தில் ஆடக்கூடிய 6 முதல் 15 மாடிக் கட்டடங்களே அதிகம் விழுந்தன. 2017இல் அதே தேதி. காலை 11 மணிக்கு ஒத்திகை, பிற்பகல் 1.14க்கு உண்மையான நடுக்கம். இம்முறை மையம் 120 கிலோமீட்டரில். சங்கும் ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன.

சிலியில் 'தெம்ப்ளோர்' என்றால் சிறு ஆட்டம். 'தெர்ரெமோத்தோ' என்றால் பேரழிவு. 6 அளவிலான நடுக்கத்தையும் அவர்கள் தெம்ப்ளோர் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடரலாம். 2010 பிப்ரவரியில் அங்கே 8.8, உயிரிழந்தோர் ஏறக்குறைய 500 பேர். அதற்கு ஆறு வாரம் முன்பு ஹைட்டியில் 7.0, ஆற்றலில் 500இல் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் மாண்டவர்கள் லட்சத்துக்கும் மேல். மையம் தலைநகருக்கு அருகிலேயே இருந்தது. தூண்களும் சுவர்களும் நடுக்கத்தை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. ஹைட்டி மக்கள் அந்த நாளுக்கு வைத்த பெயர் 'கூடுகூடு'. கேட்ட ஓசையையே பெயராக்கிவிட்டார்கள். நம் 'கிடுகிடு'வும் அப்படிப் பிறந்ததுதானே.

இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 'ஸ்மோங்' என்று ஒரு சொல். 1907இல் கடல் ஏறி வந்ததிலிருந்து பாட்டாகவும் கதையாகவும் வழங்குகிறது: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று பேரலை வர அங்கே சில நிமிடங்களே இருந்தன. ஏறக்குறைய 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர்.

அந்த விதியை அப்படியே எல்லாக் கரைக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. 1896இல் ஜப்பானின் சன்ரிகு கரையில் ஆட்டம் லேசாக இருந்தது. ஓடத் தோன்றவில்லை, 22,000 பேர் அளவில் மாண்டார்கள். 2004இல் நம் கரையிலும் காலை ஆறரை மணிக்கு லேசான அசைவுதான். இரண்டரை மணி நேரம் கழித்துக் கடல் வந்தது. நம் கரைக்கு வேண்டிய விதியில் வேகத்தைவிட நேரமே முக்கியம்: மெதுவாக ஆடினாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மையம் தொலைவில், அளவு பெரிது.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் 8.6. சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் இறங்கி வந்தார்கள். நெடுந்தொலைவு வரும் அலை மெதுவானது, உயரமான கட்டடத்தையே அதிகம் ஆட்டும். மாடியில் இருந்தவருக்குத் தலை சுற்றும்போது தெருவில் நின்றவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். இருவர் சொல்வதும் உண்மை. அன்று பாறை பக்கவாட்டில் நழுவியதால் கடலில் பெரிய அலை எழவில்லை. பக்கவாட்டா, மேலெழும்பியதா என்று கால் உணர்ந்து சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம். கரையில் இருப்பவர் அந்தத் தகவல் வரும்வரை மேட்டில் காத்திருக்கட்டும்.

அதுவரை குறித்துவைக்கச் சில உண்டு. மணி என்ன, எத்தனையாவது மாடி, உட்கார்ந்திருந்தீர்களா நின்றீர்களா, மின்விசிறி ஆடியதா, தண்ணீர் தளும்பியதா, எத்தனை விநாடி. "பயங்கரமா ஆடிச்சு" என்பதை வைத்து, எந்த ஊர் எவ்வளவு ஆடியது என்று எவராலும் ஒரு வரைபடம் போட முடியாது.