சிவப்பு விளக்கில் நின்ற திருடன்

அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பைப் பார்த்த ஒரு பெரியவர் வாசலிலேயே என்னை நிறுத்தி, "கார் திருடுகிற விளையாட்டைப் பற்றியா பேசப்போகிறீர்கள்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதில் பேச என்ன இருக்கிறது?" என்றார். அவர் இப்போது மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஐயா, நான் முடிப்பதற்குள் அந்தக் கட்டு அவிழ்கிறதா பார்ப்போம்.

சில மாதங்களுக்கு முன் நடந்தது இது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ, சுருக்கமாக ஜிடிஏ, ஐந்தாவது பாகம் ஆடிக்கொண்டிருந்தேன். லாஸ் சான்டோஸ் என்ற கற்பனை நகரம். பொழுது சாய்கிற நேரம். யாரோ ஒரு புண்ணியவானைக் கதவைத் திறந்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, அவருடைய காரில் போய்க்கொண்டிருக்கிறேன். எதிரே சிவப்பு விளக்கு விழுந்தது. நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மாமா, ஏன் நிக்கறீங்க?"

"சிவப்பு விழுந்திருக்கேடா."

"மாமா, அது திருட்டு வண்டி!"

அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த விளையாட்டில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். போலீஸ் கார் பக்கத்திலேயே நின்றாலும் கண்டுகொள்ளாது. அப்புறம் எதற்கு நின்றேன்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன் பின்னால் போய்த்தான் இன்றைய பேச்சு.

ஆடாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இந்த வகை விளையாட்டில் ஒரு நகரம் முழுவதையும் உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். கதை வேண்டுமென்றால் மேப்பில் குறி காட்டும் இடத்துக்குப் போய் மிஷனை எடுக்கலாம். வேண்டாமென்றால் கடற்கரையில் நடக்கலாம், மலை மேல் ஏறி விடியலைப் பார்க்கலாம், வண்டியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டே ஊரைச் சுற்றலாம். உண்மையைச் சொன்னால் நான் அதிகம் செய்தது இந்த ஊர் சுற்றல்தான். நான் செய்த குற்றங்களில் பாதி, திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் செய்தவை.

முதல் ஜிடிஏ 1997-இல் வந்தது. ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்தில் டிஎம்ஏ டிசைன் என்ற நிறுவனம் செய்தது. மேலேயிருந்து தெருவைப் பார்க்கிற மாதிரி, எறும்பு அளவு கார்கள் ஓடும். உருவாக்கிக்கொண்டிருந்தபோது அதற்கு வைத்திருந்த பெயர் ரேஸ் அண்ட் சேஸ். திருடன் போலீஸ் விளையாட்டு; போலீஸாகவும் ஆடலாம் என்பது திட்டம். ஆனால் போலீஸ் கார்கள் வழி கண்டுபிடிக்கும் நிரலில் ஏதோ கோளாறு. அவை திருடனைப் பின்தொடர்ந்து மடக்குவதற்குப் பதிலாக வெறி பிடித்தாற்போல் நேரே வந்து மோதின. பரிசோதித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோளாறுதான் பிடித்துப்போயிற்று. சரி, இதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். உருவாக்கியவர்களே பின்னாளில் சொன்ன கதை இது. அந்தத் தொடரின் ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் வெளியாகி, மூன்றே நாளில் 100 கோடி டாலருக்கு விற்றது. இதுவரை 20 கோடிக்கும் மேலான பிரதிகள் போயிருக்கின்றன. பிழையைத் திருத்தாமல் விட்டதற்கு இவ்வளவு கூலி கிடைத்த இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் அது குற்றம் செய்ய விடுகிறது என்கிறார்கள். அது என்னவோ உண்மைதான். ஆனால் பல வருஷம் ஆடிப் பார்த்த எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த நகரம் மறந்துவிடுகிறது. அதுவும் நாம் மறப்பதைப் போல மெல்ல மெல்ல இல்லை, அடியோடு மறந்துவிடுகிறது.

நீங்கள் ஒரு தப்பு செய்தால் திரையின் மூலையில் ஒரு நட்சத்திரம் விழும். தப்பு பெரிதாகப் பெரிதாக நட்சத்திரம் கூடும். 2002-இல் வந்த வைஸ் சிட்டி என்ற பாகத்தில் ஆறு வரை போகும், ஆறாவது விழுந்தால் ராணுவமே டாங்கியோடு வந்து நிற்கும். ஐந்தாம் பாகத்தில் உச்சமே ஐந்துதான். சரி, இதிலிருந்து எப்படித் தப்பிப்பது? ஐந்தாம் பாகத்தில் ஒரு சந்துக்குள் போய், போலீஸ் கண்ணில் படாமல் கொஞ்ச நேரம் ஒளிந்திருந்தால் போதும். நட்சத்திரங்கள் மினுக்கி மினுக்கி அணைந்துவிடும். வெளியே வந்து, சற்றுமுன் உங்களைச் சுட்ட அதே போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கலாம். உங்களை யாரென்றே அவருக்குத் தெரியாது.

பழைய பாகங்களில் இன்னும் வேடிக்கை. பே அண்ட் ஸ்ப்ரே என்று ஒரு கார் பெயின்ட் கடை இருக்கும். வண்டியை உள்ளே விட்டால் கதவு மூடும், நிறம் மாறும், வெளியே வந்தால் வழக்கு முடிந்தது. 2004-இல் வந்த சான் ஆண்ட்ரியாஸ் என்ற பாகத்தில் அதற்குக் கூலி 100 டாலர். அந்த ஊரில் செத்துப்போய் ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி எழுந்து நிற்பதற்கும் அதே 100 டாலர்தான். பாவத்துக்கும் மரணத்துக்கும் ஒரே கட்டணம்!

அந்த ஊர் ஆம்புலன்ஸைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. வைஸ் சிட்டியில் ஒரு நாள் நடைபாதையில் ஏறி ஒருவரைச் சாய்த்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைரன் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்தது. வருகிற வேகத்தில் இன்னொருவரை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது. இரண்டு பேர் இறங்கி ஓடி வந்து, நான் இடித்த ஆள் பக்கத்தில் குனிந்து ஏதோ செய்தார்கள். அவர் எழுந்தார், சட்டையைக்கூடத் தட்டிக்கொள்ளவில்லை, வந்த வழியே நடந்து போனார். என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு நிம்மதி வரவேண்டும் அல்லவா? வரவில்லை. ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

இந்த மறதிக்கு ஒரு இயந்திரக் காரணம் உண்டு. அந்தப் பாகங்கள் முதலில் ஓடிய பிளேஸ்டேஷன் 2 கருவியின் நினைவகம் வெறும் 32 மெகாபைட். ஒரு முழு நகரம் அதற்குள் அடங்காது. ஆகவே நகரம் வட்டில் கிடக்கும்; நீங்கள் போகப் போக உங்களைச் சுற்றியிருக்கும் பகுதி மட்டும் நினைவகத்துக்கு வரும், தாண்டிப்போனதும் அழியும். தெருவில் நடக்கும் மனிதர்களும் கார்களும் உங்கள் பார்வை எட்டாத இடத்தில் பிறந்து, நீங்கள் விலகியதும் இல்லாமல் போகிறார்கள். ஒரு விபத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பி, மறுபடி பாருங்கள். அங்கே இருந்த வண்டிகளில் சில இருக்காது. நீங்கள் ஒரு சிவப்புக் கார் திருடியதும் ஊர் முழுக்க அதே மாதிரிக் கார் ஓடுவதும் இதனால்தான். அந்த மாடல் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறது, புதிதாக ஒன்றைக் கொண்டுவர இடமில்லை. நினைவகம் என்று தமிழில் பெயர் வைத்தவர் இதையெல்லாம் யோசித்தா வைத்தார் என்று தெரியாது. பொருத்தமாக அமைந்துவிட்டது. அந்த ஊருக்கு நினைவு போதாது.

"களவும் கற்று மற" என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அது "களவும் கத்தும் மற" என்பதன் திரிபு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். திருட்டையும் பொய்யையும் விட்டுவிடு என்பதுதான் அதன் பொருளாம். இருக்கட்டும். நமக்குப் பழகிய வடிவத்தையே எடுத்துக்கொண்டால், களவைக் கற்கிற வேலை ஆடுகிறவனுக்கு, மறக்கிற வேலை நகரத்துக்கு என்று ஜிடிஏ பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது.

இதை ஆடினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா என்று அடுத்து கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2019-இல் பிரிட்டனின் 14, 15 வயதுப் பிள்ளைகள் 1,000 பேருக்கு மேல் எடுத்து ஆராய்ந்தார்கள். வன்முறை கேம் ஆடுவதற்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னது கொஞ்சம் வேறு: கத்துவது, தள்ளுவது போன்ற சின்ன அளவு முரட்டுத்தனத்தோடு லேசான தொடர்பு உண்டு, ஆனால் உண்மையான வன்முறைக்கு இதைக் காரணமாகக் காட்டப் போதிய ஆதாரமில்லை. இரண்டையும் சொல்லிவிட்டேன். அதே மூச்சில் இன்னொன்று. ஐரோப்பாவில் இந்த விளையாட்டின் அட்டையில் 18 என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகும் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, விளையாட்டு வினையாகிவிட்டதே என்று புலம்பினால் நான் என்ன சொல்வது?

எல்லா நகரமும் மறப்பதில்லை. 2002-இல் செக் நாட்டிலிருந்து மாஃபியா என்று ஒரு விளையாட்டு வந்தது. 1930-களின் அமெரிக்கா. நீங்கள் ஒரு கும்பலின் ஆள், பையில் துப்பாக்கி இருக்கிறது. ஆனால் சிவப்பு விளக்கைத் தாண்டினால் போலீஸ் மடக்கி அபராதம் போடும். அதிவேகத்துக்கும் அபராதம். வேகத்தைக் கட்டுப்படுத்தி வைத்துக்கொள்ள ஒரு பொத்தானே உண்டு. கொலைகாரன் ஒருவன் அபராதத்துக்குப் பயந்து ஊர்ந்து போகிறான்! என் சிவப்பு விளக்கு வியாதி ஒருவேளை அங்கே தொற்றியதாக இருக்கலாம். 2012-இல் வந்த ஸ்லீப்பிங் டாக்ஸ் ஹாங்காங்கில் நடக்கும். கும்பலுக்குள் ஒளிந்திருக்கும் போலீஸ்காரர் நீங்கள். மிஷன் தொடங்கும்போது போலீஸ் மதிப்பெண் முழுசாக இருக்கும். பொதுச் சொத்தை இடிக்க இடிக்கக் குறையும். ஒரு தெருக்கம்பத்தைச் சாய்த்ததற்கு மதிப்பெண் போனபோது, பள்ளிக்கூட நாள் ஞாபகம் வந்தது.

ஆனால் என்னை உட்காரவைத்தது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. ஜிடிஏ செய்த அதே ராக்ஸ்டார் நிறுவனம் 2018 அக்டோபரில் வெளியிட்டது. முடிக்காதவர்கள் இந்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்ளுங்கள், கதையை உடைக்கப்போகிறேன்.

1899-ஆம் ஆண்டு. ஆர்தர் மார்கன் ஒரு கொள்ளைக் கூட்டத்து ஆள். இங்கே காரில்லை, குதிரை. காப்பாற்றத் தவறினால் குதிரை செத்தது செத்ததுதான், திரும்ப வராது. நீங்கள் வழியில் ஒருவரை மிரட்டினால், பார்த்த சாட்சி ஒருவர் குதிரையேறி, ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிஃபிடம் சொல்ல ஓடுவார். தலைக்கு விலை வைப்பார்கள். அது அந்தப் பகுதியில் அப்படியே நிற்கும், போய்க் கட்டித் தீர்க்கும்வரை.

கதையின் தொடக்கத்தில் கூட்டத்தில் வட்டிக்கு விடுகிற ஒருவர், கடனை வசூலித்து வா என்று ஆர்தரை அனுப்புகிறார். தாமஸ் டவுன்ஸ் என்ற சின்ன விவசாயி. ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கிற ஆள். அதற்கு முன் ஊரில் நடந்த ஒரு சண்டையில், ஆர்தர் ஒருவனை அடித்தே கொன்றுவிடாமல் குறுக்கே வந்து தடுத்தவரும் இவர்தான். அவரைத் தோட்டத்து வேலியில் சாய்த்து அடிக்க வேண்டும். அடிக்கிற பொத்தானை அழுத்துவது நீங்கள். அவர் இருமுகிறார், ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. ஆர்தர் துடைத்துக்கொள்கிறார். மனைவி வீட்டிலிருந்து ஓடி வருகிறார். அவ்வளவுதான். நான் அடுத்த மிஷனுக்குப் போய்விட்டேன். பழகிய கை, பழகிய மறதி.

பல நாள் கழித்து ஆர்தர் இரும ஆரம்பித்தார். நான் ஏதோ குளிர் என்று நினைத்தேன். செயின்ட் டெனிஸ் நகரத்துத் தெருவில் மயங்கி விழுந்த பிறகு மருத்துவர் சொன்னார், காசநோய். அந்தக் காலத்தில் அதற்கு மருந்தில்லை. திரையில் அந்தத் தோட்டமும் அந்த இருமலும் ஒரு கணம் வந்து போயின. நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டாவது தடவை தொடங்கியபோது எல்லாம் தெரிந்திருந்தது. மேப்பில் டவுன்ஸ் வீட்டுக் குறி மஞ்சளாகக் காத்துக்கொண்டிருந்தது. நான் போகவில்லை. மீன் பிடித்தேன், மான் வேட்டையாடினேன், மலையேறினேன், குதிரைக்குச் சேணம் மாற்றினேன். அக்கா மகன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, அந்த ஆளை அடிச்சாத்தான் கதை நகரும், போங்க" என்றான். அவன் சொன்னது சரிதான். தட்டிக் கழித்துக்கொண்டே இருக்கலாம், தாண்டிப் போக முடியாது.

ஒரு ராத்திரி போனேன். வேலி ஓரமாகக் குதிரையை நடையில் விட்டேன். டவுன்ஸ் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். பொத்தானை அழுத்தினேன். இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும், ஆர்தரின் முகத்தைக் கொஞ்சம் திருப்ப முடியுமா என்று கன்ட்ரோலரில் இருந்த ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன்.

அதற்கென்று ஒரு பொத்தான் இல்லை.