சும்மா நின்றவரைக் கொலைகாரர் ஆக்காதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் இப்போதே என்னை முறைக்கத் தொடங்கிவிட்ட நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் கே.கே. நகர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘சாவைத் தடுக்க முடிந்தும் தடுக்காதவர் கொலைக் குற்றவாளியே, அல்லவே’ என்பது தலைப்பு. நான் ‘அல்லவே’ அணி. கைதட்டல் குறைவாகக் கிடைக்கிற அணி என்று தெரிந்தேதான் வந்திருக்கிறேன். பரவாயில்லை, எழும்பூர் கோர்ட்டில் வாதாடுகிறவனுக்கு இதுவரை யாரும் கைதட்டியதில்லை.

எதிரணித் தலைவர் ஐயா நுங்கம்பாக்கத்தில் தொடங்கினார். 2016 ஜூன் 24, காலை நேரம். வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண்ணை பிளாட்பாரத்திலேயே ஒருவன் வெட்டிவிட்டு ஓடினான். சுற்றி இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “அத்தனை பேர் கையிலும் ரத்தக்கறை” என்று ஐயா சொன்னதும் இந்த மண்டபமே அதிர்ந்தது. அதில் ஒரு தகப்பனின் கோபம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதையே குற்றப்பத்திரிகையாக எழுதச் சொன்னால் முதல் பக்கத்திலேயே பேனா நின்றுவிடும். யார் யார் பெயரைச் சேர்ப்பீர்கள்? பக்கத்தில் நின்றவர், சரி. பத்தடி தள்ளி நின்றவர்? படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர்? ஹெட்போன் மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்? ‘இவர் தடுத்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள்’ என்ற வாக்கியம் இவர்கள் எல்லோருக்கும் பொருந்துகிறது. எல்லோருக்கும் பொருந்துகிற வாக்கியத்தை வைத்து ஒருவரை மட்டும் எப்படிக் கூண்டில் ஏற்றுவது?

ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்ல, அவரிடமிருந்து அந்தச் சாவு வரைக்கும் ஒரு காரணத் தொடர்பு அறுபடாமல் இருக்க வேண்டும். 1910இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. பெற்ற தாயைக் கொல்ல மகன் அவள் குடிக்கிற பானத்தில் சயனைடு கலந்து வைத்தான். தாய் இறந்தும் போனாள். ஆனால் இறந்தது இதயம் நின்று, விஷத்தால் அல்ல என்று தெரியவந்தது. கொலை என்று தீர்ப்பு வரவில்லை, கொலை முயற்சி என்றுதான் வந்தது. கொல்ல வேண்டும் என்று நினைத்து, கையால் விஷமும் கலந்தவனையே, தொடர்பு அறுந்தால் கொலைகாரன் என்று சொல்லத் தயங்குகிற சட்டம் இது. சும்மா நின்றவருக்கு எதிரணி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

‘அப்படியானால் செய்யாமல் இருப்பது குற்றமே இல்லையா?’ என்று முன்வரிசை அக்கா கேட்பது காதில் விழுகிறது. குற்றம்தான் அக்கா, ஆனால் எல்லோருக்கும் இல்லை. 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, செய்கை என்று சொல்லும் இடத்திலெல்லாம் சட்டவிரோதமான செய்யாமையும் அடங்கும் என்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவும் இதை அப்படியே வைத்துக்கொண்டது. அதாவது, சட்டப்படி செய்தே ஆக வேண்டியவர் செய்யாமல் விட்டால், அவர் செய்த மாதிரிதான். அம்மா குழந்தைக்குச் சோறு போடாமல் இருப்பதும், எதிர் வீட்டுக்காரர் சோறு போடாமல் இருப்பதும் ஒன்றாகாது.

இந்தச் சட்டத்துக்கு 1837இல் முதல் வரைவு எழுதிய மெக்காலே குழு இதைப் பற்றி நிறையவே யோசித்திருக்கிறது. மெக்காலேவைத் திட்ட நமக்கு வேறு பல காரணங்கள் உண்டு, அது இன்னொரு பட்டிமன்றம். அந்தக் குழு கொடுத்த உதாரணம் இது. ஆற்றில் வெள்ளம். ஒரு பயணி இறங்கிக் கடக்கப் போகிறார். ‘இறங்காதே, ஆபத்து’ என்று சொல்லாமல் ஒருவன், அவர் சாகட்டும் என்றே வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். பயணி செத்துப்போகிறார். நின்றவன், பயணிகளை எச்சரிக்கவே அரசு அங்கே நிறுத்தி வைத்த சேவகன் என்றால் அது கொலை. கூட்டிப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டு கூலி பேசி வந்த வழிகாட்டி என்றால் அதுவும் கொலை. வெறும் வழிப்போக்கன் என்றால் கொலை இல்லை. மூன்று பேரும் வாயைத்தான் மூடினார்கள். மூன்று பேர் மனதும் கெட்ட மனதுதான். கடமை இருந்த இரண்டு பேர்தான் மாட்டினார்கள்.

அதே குறிப்பில் ஒரு மருத்துவரும் வருகிறார். ஓர் அறுவை சிகிச்சையைச் செய்யத் தெரிந்தவர் இந்தியாவிலேயே அவர் ஒருவர்தான் என்று வையுங்கள். கல்கத்தாவிலிருந்து மீரட்டுக்கு வர மறுக்கிறார். நோயாளி இறக்கிறார். அவரைக் கொலைகாரர் என்பீர்களா என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்துக் கல்கத்தா–மீரட் பயணத்தை நினைத்துப் பார்த்தால் யாரும் மாட்டேன் என்றுதான் சொல்வோம். நாளைக்கு நடுராத்திரி தாம்பரத்திலிருந்து திருவொற்றியூருக்கு ஒரு டாக்டரை வரச் சொல்லிப் பாருங்கள்.

இதை நம் தெருவுக்குக் கொண்டுவருகிறேன். நவம்பர் மாதம், வாசலில் முழங்கால் தண்ணீர். தெருக்காரர் ஒருவர் கடப்பாரையோடு வந்து மேன்ஹோல் மூடியை நெம்பி நகர்த்துகிறார். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குகிறது. நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்கிறார். வழக்கமாக ஒரு மரக்கிளையை ஒடித்து அந்தக் குழியில் நட்டு, கிடைத்த சிவப்புத் துணியைக் கிழித்துக் கட்டி வைப்போம். அன்றைக்கு அவர் அதைச் செய்யாமல் வீட்டுக்குள் போய்விடுகிறார். இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. அந்த வழியாக ஒரு பையன் சைக்கிளில் வருகிறான். மேலே சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

யார் பொறுப்பு? மூடியைத் திறந்தவர். ஆபத்தை உண்டாக்கியவர் அவர், அதை அடைக்கவோ அடையாளம் வைக்கவோ வேண்டிய கடமையும் அவருக்கே. 1983இல் இங்கிலாந்தின் உச்ச மன்றம் இதைத்தான் சொன்னது. சிகரெட்டோடு தூங்கிப்போனவன் விழித்துப் பார்த்தால் மெத்தை புகைகிறது. அணைக்கவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை, அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். தீ வைத்த குற்றம் அவன் மேல் நின்றது. நம் ஊரில் மூடியைத் திறந்தவர் மேல் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு வழக்கு வரும், 5 ஆண்டு வரை சிறை. சரி, எதிர் மாடி பால்கனியில் காபி குடித்துக்கொண்டே மூடி திறந்ததைப் பார்த்தவர்? கிளை நடவில்லை என்பதையும் பார்த்தார். கீழே இறங்கி வர அவருக்கு ரெண்டு நிமிஷம். அவரை நான் முகம் பார்த்துப் பேச மாட்டேன். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக மாட்டேன். ஆனால் அவருக்கும் கொலைக் குற்றம் என்றால், திறந்தவரின் வக்கீல் ரொம்பச் சந்தோஷப்படுவார். நான்தான் அந்த வக்கீல் என்றால் முதல் நாளே, ‘இந்தத் தெருவில் பார்த்தவர் அத்தனை பேருமே குற்றவாளிகள்தானே கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரரை மட்டும் ஏன்?’ என்று ஆரம்பித்திருப்பேன்.

என் அணியின் வாதமே இதுதான் நடுவர் அவர்களே. பொறுப்பை ஊருக்கெல்லாம் பங்கு போட்டால், பொறுப்பில் இருந்தவர் அந்தக் கூட்டத்துக்குள் நழுவிப் போய்விடுவார். நுங்கம்பாக்கத்தில் பயணிகளைத் திட்டித் தீர்த்தோம். அன்றைக்கு அந்த நிலையத்தில் ஒரு சிசிடிவி கேமராகூட இல்லை என்பது அதற்குள் மங்கிப்போனது. கேமரா வைப்பது எந்தப் பயணியின் வேலை?

எதிரணிப் பேராசிரியர் அம்மா பாஞ்சாலியை அழைத்து வந்தார். “சபையில் சும்மா இருந்த பீஷ்மரும் துச்சாதனனும் ஒன்றே” என்றார். அம்மா, அந்தச் சபையில் வாசல்காவலன் இருந்தான், விசிறி வீசியவள் இருந்தாள், விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்தவன் இருந்தான். அவர்களும் வாய் திறக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நாம் திட்டுவது பீஷ்மரைத்தானே, விசிறிக்காரியை இல்லையே? குலத்துக்குப் பெரியவர், தடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் என்பதால்தான் அவர் தலையில் அது விழுந்தது. பீஷ்மரை எங்கள் அணிக்கே கொடுத்துவிடுங்கள்.

நம் உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் பார்த்தது. 1961இல் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கு. கணவன் மனைவியை வீட்டுக்குள் வைத்துப் பட்டினி போட்டே கொல்லப் பார்த்தான். ஒருநாள் அறை பூட்டப்படாமல் இருக்க, எலும்பும் தோலுமாக அவள் தப்பி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். சோறு போடாததே கொலை முயற்சி என்று தண்டனை உறுதியானது. கணவன், பூட்டி வைத்தவன், அவள் சாப்பாட்டுக்கு அவனைத் தவிர வேறு வழி இல்லை. அதனால் அந்தச் செய்யாமை கொலை முயற்சியாயிற்று.

‘ஜெர்மனியைப் பார், பிரான்சைப் பார்’ என்றும் சொன்னார்கள். பார்த்துவிட்டேன். ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் போனால் ஜெர்மனியில் ஓராண்டு வரை, பிரான்சில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் குற்றத்தின் பெயர் ‘உதவாமை’. கொலை இல்லை. நம் போக்சோ சட்டத்திலும் குழந்தைக்கு நடந்த கொடுமை தெரிந்தும் புகார் சொல்லாதவருக்குத் தண்டனை இருக்கிறது, ஆனால் அது கொடுமையைச் செய்தவருக்கு உரிய அதே தண்டனை அல்ல, தனித் தண்டனை. அப்படி ஒரு சின்னக் குற்றம் வேண்டும் என்று எதிரணி கேட்டால் உட்கார்ந்து பேசலாம். தலைப்பில் இருப்பது கொலை.

ஒரு இடத்தில் மட்டும் எதிரணிக்கு நானே உதவுகிறேன். பம்பாயில் ஒரு பெயின்ட் தொழிற்சாலை, 1960களில் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. தீப்பிடித்து 7 தொழிலாளர்கள் கருகினார்கள். லைசென்ஸ் நிபந்தனைகளை மதிக்காமல் ஆலையை நடத்திய மேலாளர் மேல் வழக்கு. சூடான கலவையில் அவசரமாக டர்பன்டைன் ஊற்றிய தொழிலாளியின் செயல்தான் நேரடிக் காரணம் என்று சொல்லி, மரணத்துக்கான குற்றத்திலிருந்து மேலாளரை விடுவித்தார்கள். தீயைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்கு மட்டும் தண்டனை நின்றது. எனக்கு இந்தத் தீர்ப்பு உறுத்துகிறது. தொழிலாளி அவசரப்பட்டால்கூட ஊர் எரியாமல் இருக்கத்தானே அந்த நிபந்தனைகள்? கடமை இருந்தவருக்கு அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்றால் நானும் கூடவே கத்துவேன்.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம், ஓடுகிற பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று விழுந்து இறந்தது. சென்னைக்காரர் யாரும் அதை மறந்திருக்க மாட்டீர்கள். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது, அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குச் சிறப்பு விதிகள் வந்தன. இந்த மாதிரி ஓட்டையைப் பார்க்கிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். ஆனால் வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. சான்று கொடுப்பவர், வண்டிக்குச் சொந்தக்காரர், தினமும் ஓட்டுகிறவர், அனுப்பி வைக்கும் பள்ளி என்று கடமை உள்ளவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். எண்ண முடிகிற வரைக்கும்தான் பிடிக்கவும் முடியும்.

சாட்சி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மணி அடிக்கப் போகிறார்கள். அரசியல் சாசனத்தின் 20(3)ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேரையும் கொலைக் குற்றவாளி ஆக்கிவிட்டால், வெட்டியவனுக்கு எதிராக யார் வாய் திறப்பார்கள்? ‘நான் பார்த்தேன்’ என்று சொன்னாலே ‘பார்த்துவிட்டு ஏன் தடுக்கவில்லை’ என்று விலங்கு வரும். ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஏற்கெனவே ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கப் பயந்த ஊர் இது, போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்று. 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் உதவுகிறவருக்குப் பாதுகாப்புக் கொடுத்து அந்தப் பயத்தைக் குறைக்கப் பார்த்தன. எதிரணி வேறு ஒரு பயத்தை ஏற்றப் பார்க்கிறது.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரு கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகோடு முடிச்சூர் வரைக்கும் வந்து ஆட்களை மீட்டார்கள். அவர்களில் ஒருவர், படகில் இடம் இருந்தும் ஒரு தெருவுக்குள் திரும்பாமல் அடுத்த தெருவுக்குப் போனார் என்று வைத்துக்கொள்வோம். திரும்பாத தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். தடுக்க முடிந்தவர், தடுக்கவில்லை. உங்கள் அணியின் கணக்குப்படி அவர் கொலைகாரர். படகும் இல்லாமல், வீட்டை விட்டு வராமலும் இருந்தவர் நிரபராதி. அந்த மீனவரை எந்தப் பிரிவில் கைது செய்வீர்கள் தம்பி? எண்ணை மட்டும் சொல்லுங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.