கர்னல் மெமரியைத் தின்பது யார்? அலாக்இன்ஃபோவைக் கேளுங்கள்

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். காரணம் ஒரே ஒரு ஃபைல்.

மெம்ஃப்ரீ, அதாவது சும்மா கிடக்கும் மெமரியின் அளவு, குறைந்ததும் "லீக், லீக்" (வாங்கிய மெமரியை யாரோ திருப்பித் தரவில்லை) என்று பதறுவது எனக்குப் பிடிக்காது, பழைய ஆட்களுக்குத் தெரியும். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு (படித்த ஃபைல்களை மெமரியிலேயே வைத்திருக்க) எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். அதையும் சேர்த்து எவ்வளவு மெமரி கிடைக்கும் என்று காட்டும் மெம்அவைலபிளைப் பாருங்கள். 2014-இல், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 3.14 பதிப்பிலேயே வந்துவிட்டது அது.

ஆனால் என் மெஷினில் இந்த வாரம் மெம்அவைலபிளே இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கணக்குகளைக் காட்டும் மெம்இன்ஃபோ ஃபைலில் எஸ்ரீக்ளெய்மபிள் அசையவில்லை, எஸ்அன்ரீக்ளெய்ம் மட்டும் ஏறுகிறது. இரண்டும் ஸ்லாப், அதாவது கர்னல் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் மெமரி. முதலாவது, நெருக்கடி வந்தால் கர்னல் திரும்ப எடுக்கக்கூடியது. இரண்டாவது அப்படி இல்லை, வாங்கியவரே விட வேண்டும்.

சரி, ஸ்லாப் கணக்கைப் பிரித்துக் காட்டும் ஸ்லாப்டாப் கருவியைத் திறந்தேன். அது எடுத்தவுடன் ஆப்ஜெக்ட் (மெமரித் துண்டு) எண்ணிக்கைப்படிதான் வரிசைப்படுத்தும். ஏன் இப்படி? எனக்கு வேண்டியது அளவு! குட்டி ஆப்ஜெக்ட் லட்சக்கணக்கில் இருந்தால் அது மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும், உண்மையில் இடத்தை அடைத்திருப்பது கீழே எங்கோ கிடக்கும். 'சி' அழுத்துங்கள், கேஷ் (இங்கே ஒரே அளவுத் துண்டுகளின் தொகுப்பு, ஃபைல் கேஷ் அல்ல) அளவுப்படி மாறிவிடும். தயவுசெய்து அழுத்துங்கள். அப்புறம், ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ஓட்ட வேண்டும், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மேலே வந்தது கேமலாக்-1கே, 1 கேபி துண்டுகளுக்கான பொதுக் கேஷ். இதில் யாரைப் பிடிப்பது? கர்னலில் யார் வேண்டுமானாலும் அதிலிருந்து வாங்கலாம். போதாததற்கு, ஸ்லாப் மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஸ்லப் அலோகேட்டர் ஒரே மாதிரியான கேஷ்களை ஒன்றாகச் சேர்த்துவிடும், அதனால் மற்ற பெயர்களையும் அப்படியே நம்ப முடியாது.

இங்கேதான் நம்ம ஹீரோ: கர்னல் தன் விவரங்களைக் காட்டும் ப்ராக் ஃபோல்டரில் உள்ள அலாக்இன்ஃபோ ஃபைல். 2024-இல், 6.10 கர்னலில் வந்தது. ஒவ்வொரு வரியிலும் எத்தனை பைட், எத்தனை அலோகேஷன் (மெமரி வாங்கல்), எந்த சோர்ஸ் ஃபைல், எந்த வரி, எந்த ஃபங்ஷன்! 'ஸார்ட்' கொடுத்துக் கடைசிப் பத்து வரியைப் பார்த்தால் போதும். ஆங், மெம் அலாக் ப்ரொஃபைலிங் ஆப்ஷனோடு கர்னலைக் கட்டியிருக்க வேண்டும், பூட்டிலேயே ஆன் செய்ய வேண்டும். பாதியில் ஆன் செய்தால் அதற்கு முன் வாங்கியதெல்லாம் கணக்கில் வராது.

ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு பிரதி எடுத்து ஒப்பிட்டேன். ஒரே ஒரு வரிதான் விடாமல் ஏறியிருந்தது. தனியாக நிறுவிய ஒரு நெட்வொர்க் டிரைவர், ஃபைல் பெயரும் வரி எண்ணும் கண்முன்னே! அன்லோட் செய்ததும் எஸ்அன்ரீக்ளெய்ம் ஏறுவது நின்றுவிட்டது. அந்த வரியைத் திறந்து வைத்திருக்கிறேன், வாருங்கள், சேர்ந்தே படிப்போம்.