71 பேரின் அரைவட்டம்: சன்ஹெட்ரின் மீண்டும் கூடுமா?

[திரையில்: 2024ஆம் ஆண்டு நாட்காட்டி. மார்ச் 31, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு தேதிகள் மட்டும் வட்டமிடப்பட்டிருக்கின்றன.]

வணக்கம்.

2024ஆம் ஆண்டில் ஈஸ்டர் மார்ச் 31 அன்று வந்தது. இயேசு சிலுவையில் அறையப்பட்டதும் உயிர்த்தெழுந்ததும் யூதர்களின் பஸ்கா பண்டிகைச் சமயத்தில் என்று நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் பஸ்காவும் ஈஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் அப்படித்தான் வருகின்றன. ஆனால் அந்த ஆண்டு பஸ்கா தொடங்கியது ஏப்ரல் 22 மாலை. மூன்று வாரத்துக்கும் மேல் தள்ளி!

யூத நாட்காட்டி ஏன் இப்படிப் பின்தங்கியது? அதை ஏன் யாரும் திருத்தவில்லை? திருத்தும் அதிகாரம் ஒரே ஓர் அமைப்புக்குத்தான் உண்டு. அந்த அமைப்பு கூடி 1,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. யூதர்களின் பழைய உச்ச நீதிமன்றமான அதன் பெயர் சன்ஹெட்ரின்.

தமிழில் பைபிள் படித்தவர்களுக்கு இது தெரிந்த இடம்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'ஆலோசனைச் சங்கம்' என்று வருகிறதே, அதுதான். அப்போஸ்தலர்களைக் கொல்ல வேண்டாம் என்று கமாலியேல் எழுந்து பேசியது அந்தச் சங்கத்தில்தான். 'சேர்ந்து அமர்தல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் எபிரேயத்துக்குள் போய் சன்ஹெட்ரின் ஆனது.

[திரையில்: எருசலேம் ஆலயத்தின் வரைபடம். ஒரு மண்டபம் மட்டும் ஒளிர்கிறது.]

ஆலய வளாகத்தில், செதுக்கிய கற்களால் கட்டிய ஒரு மண்டபம். அதில் 71 பேர். ஏன் 71? எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில், மூப்பர்களில் 70 பேரைக் கூட்டு என்று மோசேக்குக் கட்டளை வருகிறது. 70 பேரோடு மோசேயையும் சேர்த்தால் 71.

அவர்கள் உட்காரும் முறையை மிஷ்னா சொல்கிறது. மிஷ்னா என்பது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட மரபு. வட்டமான கதிரடிக்கும் களத்தைப் பாதியாக வெட்டினால் எப்படி இருக்கும்? அந்த வடிவில் அமர்வார்களாம். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வேண்டும் என்பதற்காக. எதிரே இரண்டு எழுத்தர்கள் நிற்பார்கள். முன்னால் மூன்று வரிசைகளில் மாணவர்கள் அமர்ந்திருப்பார்கள்.

மரண தண்டனை வழக்குகளை 23 பேர் கொண்ட சிறிய சன்ஹெட்ரின்களே விசாரிக்கலாம். அந்த வழக்குகளுக்கான விதிகளைப் படிக்கும்போது எனக்குச் சற்று நேரம் பேச்சே வரவில்லை. இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் இளையவர் வாயைத் திறக்க மாட்டார் அல்லவா? விடுதலை செய்ய ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும். தண்டிக்க இரண்டு வாக்குகள் கூடுதலாக வேண்டும். விடுதலைத் தீர்ப்பை அன்றே சொல்லலாம். தண்டனைத் தீர்ப்பை மறுநாள்வரை தள்ளிப்போட வேண்டும். ஓர் இரவு அவர்கள் அதை யோசித்தாக வேண்டும்.

மிஷ்னாவின் மேல் எழுந்த விவாதங்களைத் தொகுத்த தல்மூத் இன்னொன்றையும் சொல்கிறது. எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில் 'குற்றவாளி' என்றால், அந்த மனிதரை விட்டுவிட வேண்டும். அவர் பக்கம் பேச ஒருவர்கூட இல்லை என்றால், அங்கே விசாரணை சரியாக நடக்கவில்லை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஏழு ஆண்டில் ஒருவரைக் கொன்ற சன்ஹெட்ரினை 'அழிவுகாரச் சன்ஹெட்ரின்' என்று அழைத்தார்களாம். இல்லை, எழுபது ஆண்டில் ஒருவரைக் கொன்றாலே அந்தப் பெயர்தான் என்கிறார் ஒரு ரப்பி, அதாவது யூதச் சமய ஆசிரியர். நாங்கள் அங்கே இருந்திருந்தால் ஒருவரும் கொல்லப்பட்டிருக்க மாட்டார் என்கிறார்கள் ரப்பி தர்ஃபோனும் ரப்பி அகிவாவும். உடனே இன்னொருவர் மறுக்கிறார்: இப்படியே போனால் நாட்டில் கொலைகாரர்கள் பெருகிவிடுவார்கள்! இந்த மறுப்பையும் மிஷ்னா அப்படியே எழுதி வைத்திருக்கிறது.

இயேசுவின் விசாரணை இந்த விதிகளின்படியா நடந்தது என்று கேட்பீர்கள். மாற்கு நற்செய்தியில் அது இரவில், பிரதான ஆசாரியர் வீட்டில் நடக்கிறது. மிஷ்னாவோ மரண வழக்கைப் பகலில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது. ஆனால் மிஷ்னா தொகுக்கப்பட்டது அதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகள் கழித்து. எழுதி வைத்த விதிகளில் எவ்வளவு அன்று நடைமுறையில் இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மாறுபடுகிறார்கள். இந்த ஓர் இரவைக் காட்டி ஒரு முழு இனத்தின்மேல் நூற்றாண்டுகளாகப் பழி போட்டார்கள். அது பெரும் அநீதி.

[திரையில்: இரவு. மலை உச்சிகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தீ எரிகிறது.]

தண்டனை வழக்குகள் அபூர்வம். மாதந்தோறும் தவறாமல் நடந்த வேலை ஒன்று உண்டு: பிறை பார்த்து மாதப் பிறப்பை அறிவிப்பது.

மூன்றாம் பிறையைக் கண்டதாகச் சொல்ல எங்கெங்கிருந்தோ சாட்சிகள் எருசலேமுக்கு வருவார்கள். அவர்களுக்கு நல்ல விருந்து காத்திருக்கும்; அப்போதுதானே அடுத்த மாதமும் வருவார்கள்! விசாரித்து முடித்து, மாதம் பிறந்தது என்று நீதிமன்றம் அறிவித்ததும் ஒலிவ மலையில் தீ மூட்டுவார்கள். அதைப் பார்த்து அடுத்த மலையில், பிறகு அதற்கடுத்த மலையில் என்று அந்தச் செய்தி பாபிலோன்வரை போகும். பின்னாளில் சமாரியர்கள் பொய்த் தீ மூட்டிக் குழப்பியதால் தூதர்களை அனுப்பத் தொடங்கினார்கள்.

கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை எரித்தார்கள். சபை யவ்னே என்ற ஊருக்கு நகர்ந்தது. அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சிதான் இந்தக் கதையின் மையம் என்பேன்.

தலைவர் ரப்பான் கம்லியேல் (அப்போஸ்தலர்களுக்காகப் பேசியவர் அல்ல) இரண்டு சாட்சிகளை ஏற்று மாதப் பிறப்பை அறிவித்துவிட்டார். அந்தச் சாட்சி பொய் என்றார்கள் மற்ற ரப்பிகள். மறுநாள் இரவு பிறையே தெரியவில்லையே! ரப்பி யோசுவாவும் அந்தப் பக்கம்தான். கம்லியேல் அவருக்கு ஓர் ஆணை அனுப்பினார்: உன் கணக்குப்படி எந்த நாள் பாவநிவிர்த்தி நாளோ, அன்று கையில் தடியும் பணமும் எடுத்துக்கொண்டு என்னிடம் வா. ஆண்டிலேயே மிகப் புனிதமான நாள் அது. அந்த நாளில் தடியும் பணமும் தூக்குவது யோசுவாவின் கணக்குப்படி பெரும் பாவம்.

யோசுவா துடித்துப்போனார். ஒரு முதியவர் அவரிடம் சொன்னார்: இந்த நீதிமன்றத்தை இன்று கேள்வி கேட்டால், மோசே காலம் முதல் இருந்த எல்லா நீதிமன்றங்களையும் கேட்க வேண்டிவரும். யோசுவா தடியை எடுத்தார், பணத்தை எடுத்தார், யவ்னேக்கு நடந்தார். கம்லியேல் எழுந்து நின்று அவர் தலையில் முத்தமிட்டார். 'என் குருவே, என் மாணவரே, வாருங்கள்' என்றார். அறிவில் குரு, என் சொல்லை ஏற்றதால் மாணவர்.

யோசுவா கடைசிவரை தன் கணக்கு தவறு என்று சொல்லவில்லை. ஆனாலும் நடந்தார். தனக்குச் சரியென்று தெரிந்ததை வைத்துக்கொண்டே பொதுத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார். ஒரு சபைக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் வேறு என்ன?

[திரையில்: இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு.]

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? மோசே யோசுவாவின்மேல் கைவைத்துப் பொறுப்பைக் கொடுத்தார்; இது நூன் மகன் யோசுவா, நாம் பார்த்த ரப்பி அல்ல. அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு. இந்தத் தொடரை எபிரேயத்தில் செமிகா என்பார்கள். பிற்காலத்தில் கைவைக்காமல் வாய்ச்சொல்லாலேயே பட்டம் கொடுத்தார்கள். ஆனால் பட்டம் பெற்றவர்தான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும், அதுவும் இஸ்ரேல் நாட்டுக்குள்தான். ஒரு தலைமுறை விட்டுப்போனால் எல்லாம் போயிற்று.

ரோமர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பேரரசர் ஹாத்ரியன் காலத்துத் தடையைப் பற்றித் தல்மூத் சொல்கிறது: பட்டம் கொடுப்பவரும் பெறுபவரும் கொல்லப்படுவார்கள், கொடுத்த ஊர் இடிக்கப்படும். யூதா பென் பாபா என்ற முதியவர் என்ன செய்தார் தெரியுமா? எந்த ஊரும் அழியக்கூடாது என்று, உஷா, ஷெஃபராம் என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவே, இரண்டு மலைகளுக்கு இடையில் போய் உட்கார்ந்தார். ஐந்து மாணவர்களுக்குப் பட்டம் கொடுத்தார். படை வருவது தெரிந்ததும் 'ஓடுங்கள் பிள்ளைகளே' என்றார். நீங்கள்? 'யாரும் புரட்டிப் பார்க்காத கல்லைப் போல நான் இங்கே கிடக்கிறேன்.' அவர் உடல் ஈட்டிகளால் சல்லடையானது. மாணவர்கள் தப்பினார்கள்.

அப்படிக் காப்பாற்றிய தொடர் பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது. சபை ஊர் ஊராக இடம்பெயர்ந்து கடைசியில் கலிலேயாக் கடலோரம் திபேரியாவில் நின்றது. இனி பிறை பார்க்கவும் தூதர் அனுப்பவும் முடியாது என்ற நிலையில், 358ஆம் ஆண்டையொட்டி இரண்டாம் ஹில்லேல் என்ற தலைவர் கணக்கு முறையில் நிரந்தர நாட்காட்டியைக் கொடுத்துவிட்டார் என்கிறது மரபு. 429ஆம் ஆண்டின் ரோமச் சட்டம், யூதத் தலைமைப் பதவி முடிந்துபோன ஒன்று என்றே பேசுகிறது.

[திரையில்: சஃபேத் நகரத்தின் கல் தெருக்கள்.]

அறுந்ததை மீண்டும் முடிய முடியுமா? 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடஸ் என்ற யூதச் சட்ட அறிஞர் ஒரு வழி சொன்னார். இஸ்ரேல் நாட்டிலுள்ள அறிஞர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு ஒருவருக்குப் பட்டம் கொடுத்தால் அது செல்லும் என்றார். அதோடு நிற்காமல், இந்த விஷயம் இன்னும் முடிவு செய்யப்பட வேண்டியது என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரி எத்தனை சண்டையைக் கிளப்பப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா?

1538. கலிலேயா மலைமேல் சஃபேத். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்கள், 1497இல் போர்ச்சுகலில் கட்டாய ஞானஸ்நானம் பெற்றுப் பின் தப்பி வந்தவர்கள் என்று ஊர் நிறைந்திருந்தது. உயிருக்குப் பயந்து மதம் மாறி வாழ்ந்த காலத்துப் பாவம் அவர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. கடவுள் கையால் 'அறுபட்டுப்போகும்' தண்டனைக்குரிய பாவங்கள் அவை. நீதிமன்றத்தில் கசையடி பெற்றவருக்கு அந்தத் தண்டனை நீங்கும் என்று மிஷ்னாவில் இருக்கிறது. ஆனால் கசையடி விதிக்கச் செமிகா பெற்ற நீதிபதி வேண்டும். அப்படி ஒருவரும் உலகில் இல்லை. அடிபட்டாவது தூய்மையாக வேண்டும் என்று தவித்தவர்களுக்கு அடிக்கக்கூட ஆள் இல்லை.

இந்தத் தவிப்பைப் பார்த்துத்தான் யாக்கோப் பேராப் என்ற ரப்பி முன்வந்தார். சஃபேத்தின் அறிஞர்கள் 25 பேர் கூடி அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். எருசலேமின் தலைமை ரப்பி லேவி இப்னு ஹபீபுக்குச் செய்தி போனது. அவர் மறுத்துவிட்டார். 'எல்லோரும்' என்றுதானே மைமோனிடஸ் சொன்னார், எங்களைக் கேட்டீர்களா? மனம் திரும்பினாலே போதும், கசையடி எதற்கு? அதோடு இன்னொரு கேள்வி: இன்று செமிகா வந்துவிட்டால் மீண்டும் பிறை பார்த்து மாதத்தை அறிவிக்க வேண்டிவருமே, இருக்கிற நாட்காட்டி என்ன ஆவது?

மறுத்தவரும் போர்ச்சுகலில் இளவயதில் கட்டாய ஞானஸ்நானம் பெற்றவர்தான். பேராப் விவாதத்தில் அந்தக் காயத்தைக் குத்திக் காட்டினார். லேவி அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். அந்த இடத்தில் என் மனம் லேவியின் பக்கமே போகிறது.

பேராப் ஊரைவிட்டு வெளியேற வேண்டிவந்தது. போகுமுன் நால்வருக்குப் பட்டம் கொடுத்தார். அவர்களில் ஒருவர் யோசேப்பு காரோ. இன்றும் யூத வீடுகளில் பின்பற்றப்படும் சட்டத் தொகுப்பை எழுதியவர். சில தலைமுறைகள் தாண்டியதும் அந்தத் தொடரும் நின்றுபோனது.

1807இல் நெப்போலியனும் பாரிஸில் 71 பேரைக் கூட்டி 'மகா சன்ஹெட்ரின்' என்று பெயர் வைத்தார். பேரரசர் கேட்ட கேள்விகளுக்கு யூதப் பிரமுகர்கள் முன்பே சொன்ன பதில்களுக்குச் சமயச் சட்ட ஒப்புதல் கொடுக்கக் கூட்டிய சபை அது. ஒரு மாதத்தில் கலைந்தது.

1948இல் இஸ்ரேல் உருவானதும் கேள்வி திரும்பவும் எழுந்தது. நாட்டின் முதல் சமய அமைச்சர் ரப்பி யெகூதா லெயிப் மைமோன் சன்ஹெட்ரினைப் புதுப்பிக்க வேண்டும் என்று வாதாடினார். பெரிய ரப்பிகள் பலர் சம்மதிக்கவில்லை, திட்டம் நகரவில்லை.

[திரையில்: திபேரியா, ஏரிக்கரை.]

அக்டோபர் 2004. கடைசியாக நின்ற திபேரியாவில்தான் சன்ஹெட்ரின் முதலில் திரும்பும் என்பது மரபு. அங்கே 71 ரப்பிகள் கூடி, மைமோனிடஸ் சொன்ன வழியில் சபையைத் தொடங்கியதாக அறிவித்தார்கள். முழுத் தல்மூதுக்கும் நவீன எபிரேயத்தில் உரை எழுதிய அதீன் ஷ்டைன்சால்ட்ஸ் 2005இல் தலைமை ஏற்றார், 2008இல் விலகினார்.

இஸ்ரேல் அரசு இந்தச் சபையை ஏற்கவில்லை. யூதர்களின் திருமணம், மணமுறிவு வழக்குகள் இன்றும் அரசின் ரப்பி நீதிமன்றங்களில்தான் நடக்கின்றன. முன்னணி ரப்பிகளும் இதற்குக் கட்டுப்படவில்லை. காசாவிலிருந்து இஸ்ரேல் 2005இல் விலகியதை எதிர்த்தது, ஆலய மலையில் பழைய வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவர முனைவது என்று சபை ஓர் அரசியல் அணியின் குரலாகவே பேசியது. அந்த மலையில் அல்-அக்ஸா மசூதி இருக்கிறது. அங்கே ஒரு கல் நகர்ந்தாலும் ரத்தம் சிந்தும். ஒரு பக்கத்துக் குரல் மட்டும் கேட்கும் இடம் சன்ஹெட்ரின் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னதை இப்போது எடுங்கள். எல்லோரும் ஒரே குரலில் சொன்னால் அந்தத் தீர்ப்பே செல்லாது என்றது இந்த நீதிமன்றம். அது மீண்டும் பிறக்க வேண்டுமானால் எல்லோரும் ஒரே குரலில் ஒப்புக்கொள்ள வேண்டும்! 1538இல் அது கிடைக்கவில்லை, 2004இலும் கிடைக்கவில்லை. 71 பேரை உட்காரவைக்க யாராலும் முடியும். மாறுபட்ட கருத்தோடு, தடியும் பணமும் எடுத்துக்கொண்டு நடந்து வர இன்னொரு யோசுவா வேண்டுமே.

[திரையில்: மீண்டும் அதே நாட்காட்டி.]

சரி, அந்த இரண்டு தேதிகளுக்கு வருவோம். ஹில்லேலின் கணக்கில் ஓர் ஆண்டு, சூரிய ஆண்டைவிட சராசரியாக ஆறரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய 216 ஆண்டுக்கு ஒரு நாள் நழுவும். நான்காம் நூற்றாண்டிலிருந்து கணக்கிட்டால் ஏழு, எட்டு நாட்கள். அதனால், நிலவு மாதங்களைச் சூரிய ஆண்டோடு பொருத்தும் 19 ஆண்டுச் சுழற்சியில் சில ஆண்டுகளில் பஸ்கா, வசந்தத்தின் முதல் முழுநிலவை விட்டுவிட்டு அடுத்த முழுநிலவுக்குப் போய்விடுகிறது. 2024இல் நடந்தது அதுதான்.

பஸ்கா வசந்த மாதத்தில் வரவேண்டும் என்பது மோசேயின் சட்டநூலான தோராவின் கட்டளை. நழுவல் இருப்பது ரப்பிகளுக்கும் தெரியும், வானியலாளர்களுக்கும் தெரியும். திருத்தக் கணக்கும் கடினமானதல்ல. அதில் கையெழுத்திடத்தான் நீதிமன்றம் இல்லை. அதனால் ஒவ்வொரு மாதமும், 1,600 ஆண்டுகளுக்கு முன் ஹில்லேல் முன்கூட்டியே அறிவித்துவைத்த மாதப் பிறப்பையே உலகெங்கும் யூதர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.