பருப்பு எந்தத் தட்டுக்குப் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் சோறு போட்டால் ஏழை வீட்டுப் பிள்ளை படிக்க வரும் என்பதைச் சென்னை மாநகராட்சி 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் செய்து காட்டியது. 1956-ல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 முதல் காலை உணவும் வந்துவிட்டது. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். பண்டக அறையிலிருந்து புறப்படும் பருப்பு தட்டுவரை வந்து சேருகிறதா என்பதைத்தான் இன்று பேச வேண்டும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய்கறி 50, எண்ணெய் 5 கிராம் என்பது மத்திய அரசின் அளவு. 80 பிள்ளைகள் வந்தால் 8 கிலோ அரிசி, 1,600 கிராம் பருப்பு. வருகைப்பதிவு முடிந்ததும் அன்றைய எண்ணிக்கை சத்துணவு அமைப்பாளர் கைக்குப் போய்விட வேண்டும். நேற்றைய கணக்கில் உலை வைத்துவிட்டு, பத்துப் பேர் கூடுதலாக வந்தால் சாம்பாரில்தான் தண்ணீர் ஏறும். டப்பாவால் அளப்பதும் வேண்டாம். தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தராசில் நிறுங்கள்.

பருப்பை அரை மணி நேரம் ஊறவையுங்கள். உப்பேறிய போர் தண்ணீரில் அது குழையாது, குடிதண்ணீரில் வேகவையுங்கள். வெந்து மசிந்த பிறகே புளி. முந்திக்கொண்டு புளியை ஊற்றினால் பருப்பு விறைத்து நின்று அண்டாவின் அடியில் தங்கும். பல பள்ளிகளில் முதலில் உட்காருவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். மேலாக மொண்டு ஊற்றினால் அவர்களுக்குப் புளித்தண்ணீர்தான், பருப்பு பெரிய பிள்ளைகளுக்குப் போய்விடும். சத்து அதிகம் தேவைப்படுகிற சின்ன வயிறு அது! ஒவ்வொரு கரண்டிக்கும் அடிவரை கலக்கித்தான் ஊற்ற வேண்டும்.

முட்டையை வேகவைக்கும் முன் தண்ணீரில் போடுங்கள். மிதப்பதை எடுத்து எறியுங்கள். பரிமாறும் நேரத்தில் ஓடு உரித்தால் போதும், உரித்து வைத்த முட்டை வெயில் காலத்தில் சீக்கிரம் கெடும். அயோடின் உப்பை அடுப்போரம் திறந்து வைக்காதீர்கள்.

2013-ல் பீகாரின் சாப்ரா பகுதியில் பள்ளி உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து இருந்தது. மருந்து இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் சமையலறைக்குள் விடக் கூடாது. பெரியவர்கள் முதலில் ருசி பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் சடங்காகிவிடக் கூடாது. எண்ணெய் கசந்தாலோ வாடை மாறினாலோ அந்த அண்டாவை அப்படியே கொட்டிவிட வேண்டும். அடுப்பு நெருப்பிலும் இதே கவனம் வேண்டும். கும்பகோணம் பள்ளியில் 2004-ல் 94 குழந்தைகளைக் கொன்ற தீ, கீற்றுக்கொட்டகைச் சமையலறையில் கிளம்பியதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டியல் சாதிப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று சில ஊர்களில் இன்றும் கிளம்புகிறார்கள். ஊர் அமைதிக்காக என்று அந்தச் சமையலரை இடம் மாற்றுவது தீண்டாமைக்குப் பணிந்து போவது. அவர் அதே அடுப்படியில் இருக்க வேண்டும், தலைமையாசிரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே, வருகைப்பதிவையும் சத்துணவுப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திருவிழா நாளிலும் மழை நாளிலும் ஒரே எண்ணிக்கை எழுதியிருந்தால், அன்றைக்குப் பருப்பு எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள்.